மதியம் மூடும் கடை

ஜனவரி 12

எதிர்க்கடைக்காரருக்கு,

இது ஒரு மணிக்காரர் மனைவி எழுதுவது. அந்தப் பெயரை அவருக்கு வைத்ததே நீங்கள்தான் என்று கேள்வி. மதியம் ஒரு மணி ஆனால், நிறுத்துக்கொண்டிருந்த ஆணியைத் தராசிலேயே விட்டுவிட்டு ஷட்டரை இழுத்துவிடும் மனிதருக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

அவர் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அன்று வீடு கொள்ளாத கூட்டம். குழாய் வேலைக்காரர்கள், தச்சர்கள், கையில் பெயின்ட்டோடு அப்படியே வந்தவர்கள். ஒருவர் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். யாரென்று விசாரித்தால், எப்போதோ புதுக் குழாய் வாங்க வந்தவரிடம், 'குழாய் நல்லாத்தான் இருக்கு, வாஷர்தான் போச்சு' என்று வாஷரை மட்டும் கொடுத்து அனுப்பினாராம். அதற்கு இந்த அழுகை. இப்படி வியாபாரம் பண்ணினால் நாம் எப்போது மாடி கட்டுவது என்று அவரை நான் குடையாத நாள் இல்லை. அந்த மனிதர் அழுததைப் பார்த்தபோது, மாடி இல்லாவிட்டால் போகிறது என்று தோன்றியது.

நீங்கள் மட்டும் வரவில்லை. மகனை அனுப்பியதோடு சரி. கடையை மகனிடம் விட்டுவிட்டு வெளியூரில் மகள் வீட்டுக்குக் குடிபோனவருக்கு வழி மறந்துவிட்டது போலும். இதற்காக உங்களோடு சண்டை போட வேண்டும். இப்போது தெம்பில்லை, அது பிறகு.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. உங்கள் மகன் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அப்பாவுக்குக் குடுத்த வாக்கைக் கடைசி வரைக்கும் காப்பாத்தினாரு பெரியம்மா. மதியம் அவரு கடையைச் சாத்தினதாலதான் எங்க கடை ஓடுச்சு." நல்ல மனதோடுதான் சொன்னான். நான்தான் அன்றிலிருந்து அதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கீழே விட்டால் வீறிட்டு அழுவாள். ஆறிப்போன சாப்பாட்டை ஒரு கையால் அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் எதையோ மறந்துவிட்டு மதியத்தில் வீட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து ஒரு மணிக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். "நீ சூடா சாப்பிடு முதல்ல" என்பார். நான் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகுதான் அவருக்குத் தட்டு. மகள் வளர்ந்தாள், மகன் பிறந்தான், இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு மகள் உள்ளூரிலும் மகன் வெளியூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் வருவது மட்டும் நிற்கவில்லை.

வீடு காலியான பிறகு நானே சொன்னேன்: "இனிமே எதுக்கு வெயில்ல அலையுறீங்க? டப்பாவுல கட்டித் தர்றேன், கடையிலயே சாப்பிடுங்க. நாலு வியாபாரமாவது நடக்கும்." மூன்று அடுக்கு டப்பா ஒன்று புதிதாக வாங்கியும் வைத்தேன். அவர் அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், அடுக்குக்கு ஒரு அளவாகத் திருகாணி போட்டு வைத்துவிட்டார். ஒரு மணிக்கு வழக்கம்போல வீட்டில் ஆஜர்.

அவர் எனக்காகத்தான் வருகிறார் என்று இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். வெளியில் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் விற்றவர் எங்கள் குளியலறைக் கதவுக்கு ஒன்று போடவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய இன்றைக்கும் பாடிக்கொண்டேதான் குளிக்கிறோம். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதே, ஒரு மணிக்கு வருகிற மனிதர் என்பதால்தான்.

இப்போது மகள் தன் வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்காருகிறாள். மதியமும் திறந்து வைக்கப்போகிறேன் என்கிறாள். உங்கள் மகன் சொன்னதைச் சொன்னதும் யோசிக்கிறாள். "அப்பா வாக்கு குடுத்திருந்தா நான் மாத்த மாட்டேன்மா. இல்லைன்னா ஷட்டர்ல மாட்டுற 'சாப்பிடப் போயிருக்கிறேன்' பலகையைக் கழட்டிருவேன்" என்கிறாள். ஆக, உங்கள் பதிலில் அவளுக்கும் வேலை இருக்கிறது.

அவர் என்னோடு சாப்பிட வந்தாரா, உங்களுக்காகக் கடையைச் சாத்தினாரா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒரு மணிக்காரர் வீட்டிலிருந்து.


ஜனவரி 25

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் என்னை எதிர்க்கடைக்காரர் என்று எழுதினாலும் நான் அண்ணி என்றுதான் எழுதுவேன். அண்ணன் என்னை எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா? "எதிரி." கடை வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி, "எதிரி, டீ சாப்பிட வர்றியா?" என்பார். புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள்.

வராததற்குச் சண்டை போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். முட்டியில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தேன். அண்ணன் போன செய்தியைச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவேன் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். ஓடியிருக்க மாட்டேன், தவழ்ந்தாவது வந்திருப்பேன். செய்தி தெரிந்த அன்று மருமகன் என்னைச் சமாதானப்படுத்த, "உங்களுக்குத் தொழில்ல போட்டிதானே மாமா அவரு?" என்றார். படித்த பிள்ளை, அவரை என்ன சொல்வது. போட்டிக்காரர் போனால் இப்படி அழுகை வருமா என்று அவரே பார்த்துப் புரிந்துகொண்டார்.

நான் அந்தத் தெருவில் கடை போட்டதே புத்தி கெட்டுத்தான். ஒரே மாதிரி கடைக்கு நேர் எதிரில் அதே மாதிரி கடை. ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன், அந்த நடமாட்டமெல்லாம் ஒரே வாசலுக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. காலை முழுக்க ஈ ஓட்டுவேன். மதியம் ஒரு மணிக்கு அந்த ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். ஒரு தச்சர் வருவார், கீல் கேட்பார். அவர் பின்னால் இன்னொருவர் வருவார்.

பலகை விவகாரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'சாப்பிடப் போயிருக்கிறேன். அவசரமென்றால் எதிர்க்கடை' என்று எழுதி ஷட்டரில் மாட்டினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவசரத்துக்கு மட்டும்தான் என் கடை லாயக்கா என்று பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "வேற எப்படி எழுதணும்னு நீயே சொல்லு, பெயின்ட் நம்மகிட்டயே இருக்கு" என்றார். மறுநாள் நானே அதை மாட்டினேன். ஆணியும் என்னுடையது.

அண்ணி, என் பிள்ளைகள் படித்ததும், இந்த மகளைக் கட்டிக்கொடுத்ததும் உங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிய வியாபாரத்தில்தான். இதை நான் எந்த மேடையில் ஏறியும் சொல்வேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வாக்குக் கொடுத்தது உண்மை. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கடையிலிருந்து, இப்போது மகள் வீட்டிலிருந்து.


பிப்ரவரி 6

எதிர்க்கடைக்காரருக்கு,

கடிதம் வந்தது. உங்கள் முட்டி விஷயம் தெரியாமல் குத்திக் காட்டிவிட்டேன். சண்டை ரத்து.

போன வாரம் உங்கள் மகன் வந்து, கேட்காமல் கொள்ளாமல் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான். நீங்கள் சொல்லித்தான் வந்திருப்பான். நல்ல வழவழப்பான தாழ்ப்பாள். இனிப் பாட வேண்டியதில்லை. பாடவும் தோன்றவில்லை.

வாக்கு விஷயம் தெளிந்துவிட்டது. மகளிடமும் சொல்லிவிட்டேன். "அப்போ சரி" என்றாள். அவள் அப்பாவைப் போலவே, ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் பேச மாட்டாள். ஆகவே பலகை அங்கேயே இருக்கும், மதியம் கடை மூடியிருக்கும், உங்கள் மகன் நிம்மதியாக வியாபாரம் பார்க்கலாம்.

டப்பாவில் இருந்த திருகாணியையெல்லாம் ஒரு பெயின்ட் வாளியில் கொட்டிவிட்டு, டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்துவிட்டேன். காலையில் செய்ததை அதில் கட்டிக் கொடுக்கிறேன். மகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எனக்கும் அதே சாப்பாடுதான். மதியத்தில் தனியாக அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டேன். யாருக்காக?

உங்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்தார் என்றால் எனக்குப் பெருமைதான். அவர் யாருக்கு நல்லது செய்யவில்லை? அந்த வரிசையில் நானும் ஒருத்தி என்று வைத்துக்கொள்கிறேன். என் இடம் கொஞ்சம் முன்னால் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நலமாக இருங்கள்.

ஒரு மணிக்காரர் வீட்டிலிருந்து.


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்தேன், என் மகள் படித்தாள். படித்துவிட்டு, "நீங்க பாதியைத்தானே எழுதினீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பெண் பிள்ளைகளிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. நான் பொய் எழுதவில்லை அண்ணி. மீதியைச் சொல்லக்கூடாது என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்: மீதியைச் சொன்னால் பலகை இறங்கிவிடும், என் மகன் பிழைப்பு என்னாகும் என்றும் நினைத்தேன். ஆனால் உங்கள் வீட்டில் மதியம் அடுப்பு எரியவில்லை என்று படித்த பிறகு, சத்தியமாவது ஒன்றாவது. அண்ணனே இருந்திருந்தால், சொல்லித் தொலையேன்டா என்றுதான் சொல்லியிருப்பார்.

நீங்கள் டப்பா வாங்கிக் கொடுத்த அன்று காலையில், அவர் தன் கடையைத் திறப்பதற்கு முன்பே என் கடைக்கு வந்தார். கையில் அந்த மூன்று அடுக்கு. முகம் தொங்கிப்போயிருந்தது. நான் ஏதோ கெட்ட செய்தி என்று பதறிவிட்டேன்.

"எதிரி, உங்க அண்ணி டப்பா வாங்கிட்டா" என்றார்.

"நல்லதுதானேண்ணே."

"என்ன நல்லது? இனிமே மதியம் வீட்டுக்கு வர வேணாங்கிறா. என்ன சொல்லித் தப்பிக்கிறதுன்னு தெரியலை. பிள்ளைங்களும் வீட்டுல இல்லை, ஒரு சாக்கும் இல்லை."

கொஞ்ச நேரம் என் கடையில் தொங்கிய பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பினார். "நீ ஒண்ணு பண்ணு. மதியம் கடையைத் திறக்கக்கூடாதுன்னு என்கிட்ட ஒரு வாக்கு கேளு."

"நான் எதுக்குண்ணே கேக்கணும்?"

"கேளுய்யா. உனக்கும் நல்லதுதானே. அவ குடைஞ்சா, எதிரிக்கு வாக்கு குடுத்துட்டேன், மீற முடியாதுன்னு சொல்லிக்குவேன்."

"உன்கூட உக்காந்து சாப்பிடத்தான் வர்றேன்னு அண்ணிகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது அண்ணி. அத்தனை வயதில், அந்த மீசையை வைத்துக்கொண்டு. "இந்த வயசுல அதையெல்லாம் சொன்னா சிரிப்பா" என்றார்.

சரி என்று நானும் கேட்டேன். "மதியம் கடையைத் திறக்க மாட்டேன்னு வாக்கு குடுங்கண்ணே." கையை நீட்டினேன். அவர் ரொம்ப யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு, "நீ இவ்வளவு தூரம் கேக்கிறதால" என்று கையில் அடித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். திருகாணியை டப்பாவில் போடலாம் என்பதும் அன்றைக்கு அங்கேயே எடுத்த முடிவுதான். டப்பா காலியாக இருந்தால் நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று பயம்.

அந்தச் சாக்கை உங்களிடம் சொல்ல வேண்டி வரவே இல்லை போலிருக்கிறது. நீங்கள் ஒரு தடவை சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். என் மகனுக்கோ வாக்கு மட்டும்தான் தெரியும், அதன் கதை தெரியாது.

உங்களைத் தேற்றுவதற்காகக் கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஒன்று சொல்கிறேன். இது அண்ணன் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு சூடாக இருந்தால் முதல் வாய் வைக்கும்போது நீங்கள் இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்வீர்களாம். அவர் அதை எனக்குச் செய்து காட்டினார். நன்றாக வரவில்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது. "அதைப் பாக்கத்தான்யா போறேன். வேற ஒண்ணும் இல்லை" என்றார்.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். அவர் உங்களிடம்தான் வந்தார் அண்ணி. வருகிற வழியில் நாங்களும் பிழைத்துக்கொண்டோம். எங்கள் நன்றி அவருக்கு மட்டும் என்று இதுவரை நினைத்திருந்தேன். பாதி உங்களுக்குச் சேர வேண்டியது. அதை இத்தனை நாள் கழித்து இப்போது கொடுக்கிறேன்.

வாக்கு என்று எதுவும் உங்கள் மகளைக் கட்டாது. பலகையைக் கழற்றிக்கொள்ளட்டும். என் மகனிடமும் சொல்லிவிட்டேன். "பெரியம்மா சாப்பிட்டாப் போதும்ப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

உங்கள் எதிரி.


மார்ச் 2

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கண் விஷயம் வந்த இடத்தில் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது தம்பி. யாரும் சொன்னதில்லை. என்னைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்போதெல்லாம், "சும்மா என்ன வேடிக்கை, விசிறியை எடுத்து விசிறுங்க" என்று விரட்டுவேன். விசிறுவார். விசிறினால் சாப்பாடு ஆறிவிடும் என்று நடுவில் நிறுத்தியும் விடுவார். அதற்கும் திட்டு வாங்குவார்.

சிரித்திருப்பேன் என்றாராமே. ஆமாம், சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு, நாளைக்கும் வாங்க என்றிருப்பேன். ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பிப்பதற்கு அந்த மனிதருக்கு ஒரு எதிரியும், ஒரு வாக்கும், ஒரு டப்பாவும் தேவைப்பட்டிருக்கிறது. கோபமாக வருகிறது. வந்த கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்தினேனே என்று நினைத்தால், யாருக்கென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

உங்களுக்கும்தான். உண்மையைச் சொன்னால் மகன் வியாபாரம் போய்விடும் என்று தெரிந்தும் எழுதினீர்களே, அது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. முதல் கடிதத்தில் உங்களை எதிர்க்கடைக்காரர் என்று எழுதியதை அடித்துவிட்டு, தம்பி என்று படித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள், ஷட்டரில் பலகை இல்லை என்று உங்கள் மகனே வந்து சொன்னான். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, நல்ல பிள்ளை. சரி, அவள் கடை, அவள் இஷ்டம், வாக்கும் இல்லை என்று ஆகிவிட்டது, நான் என்ன சொல்ல முடியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் அவன் திரும்பிப் போனதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் பெயின்ட். பலகையைக் கழற்றியது எழுதுவதற்காகவாம். பழைய எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. இப்போது இப்படி எழுதி மாட்டியிருக்கிறாள்: 'அம்மாவோடு சாப்பிடப் போயிருக்கிறேன். அவசரமென்றால் எதிர்க்கடை. அவசரம் இல்லாவிட்டாலும் எதிர்க்கடை.' உங்கள் ரோஷத்துக்கு இப்போதாவது மருந்து கிடைத்ததா? உங்கள் மகன் அதைப் படித்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

முட்டி சரியானதும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். மதியமாக வாருங்கள், கடை மூடியிருக்கும், நேரே வீட்டுக்கு வந்துவிடலாம். அவர் செய்து காட்டியதை எனக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள். உங்களுக்கும் சரியாக வராது, தெரியும். இருந்தாலும் பார்க்க வேண்டும்.

நேற்று மதியம் அடுப்பு மூட்டினேன். இத்தனை நாள் கழித்து எல்லாம் கைமறந்த மாதிரி இருந்தது, உப்பைத் தேடவே நேரம் ஆகிவிட்டது. இறக்கி வைக்கவும் மகள் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவளுக்குத் தட்டு வைக்கப் போனேன். "முதல்ல நீ சாப்பிடும்மா" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, கண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை. இரண்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் முதல் வாயை எடுத்தேன். சூடு நாக்கில் பட்டதும் இடது கண் அதுபாட்டுக்கு மூடிக்கொண்டது. மகள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, எழுந்து போய்த் தனக்கு ஒரு தட்டு எடுத்து வந்தாள்.

சாப்பிட்டு முடித்து, அவள் கடைக்குக் கிளம்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. காலையில் நான் கட்டிக் கொடுக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. "டப்பா எங்கடி?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அதுல திருகாணி போட்டு வெச்சுட்டேன்மா."

அண்ணி.